பென்சில் அக்காவும் இரண்டு ‘அவர்’களும்

பென்சில் அக்காவுக்கு உண்மையான பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இடது காதுக்கு மேலே எப்போதும் ஒரு கட்டைப் பென்சில் செருகியிருக்கும். எழுதுவதற்கு அல்ல. சுவரில், கதவடியில், குழாய் நுழைகிற இடத்தில், எங்கே இடைவெளி தெரிந்தாலும் உள்ளே விட்டுப் பார்ப்பதற்கு. வீட்டுக்குள் எலி வரும் வழியைத் தேடி அடைப்பதுதான் அக்காவின் தொழில். பொறி வைப்பதில்லை, மருந்து வைப்பதில்லை. வழியை அடைப்பதோடு சரி.

தொடங்கும்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘அவர்’ என்ற சொல்லை நானாக இதில் எங்கும் பயன்படுத்தப் போவதில்லை. அன்று பேசியதை அப்படியே எழுதும்போது வந்தால் வரட்டும். அந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் ஒரு கால் போகப் பார்த்தது.

அது என் அப்பாவின் கால். அப்பா பூட்டு ரிப்பேர் செய்கிறார். கடைத்தெரு முனையில் ஒரு பெரிய குடை, ஒரு தகரப் பெட்டி, ஆணிகளில் தொங்கும் சாவிகள், அவ்வளவுதான் கடை. ஆனால் பாதி வேலை கடையில் நடக்காது. யாராவது சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு ஓடி வருவார்கள். அப்பா பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடப்பார். “பூட்டு நம்மகிட்ட வராது. நாமதான் பூட்டுகிட்ட போகணும்” என்பார்.

அப்பாவுக்குப் பதினாறு வருஷமாகச் சர்க்கரை நோய். இடது காலில் கணுக்காலுக்குக் கீழே உணர்ச்சியே கிடையாது. ஒருமுறை யாருடைய அலமாரிச் சாவியோ செருப்புக்குள் விழுந்துவிட்டது. அது தெரியாமல் அதன் மேலேயே நாள் முழுக்க நடந்துகொண்டு, தெருவெல்லாம் அந்தச் சாவியைத் தேடியிருக்கிறார். மாலையில் செருப்பைக் கழற்றினால், சாவியின் பல்வரிசை அப்படியே பாதத்தில் பதிந்திருந்தது. அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் காலையில் சிரிக்க முடியவில்லை. அப்பாவின் படுக்கை விரிப்பில் கால் பக்கம் முழுக்க ரத்தம். அப்பா அதன் மேல் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். குதிகாலில் சதை போயிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் நர்ஸ் பார்த்ததுமே சொல்லிவிட்டார். “ஐயா, இது எலி கடிச்சது. பல்லு பட்டது பாருங்க, ஜோடி ஜோடியா.” டாக்டர் சொன்னார்: “இந்தப் புண்ணை ஆத்திடலாம். இதுக்கு மேல இன்னொரு கடி விழுந்தா காலை எடுக்கிற மாதிரி ஆயிடும். முதல்ல வீட்டைப் பாருங்க.”

திரும்பி வந்ததும் அப்பா வீட்டு வாசலில் நின்று கதவைத் திறந்துகொண்டே சொன்னார்: “ஊர்ல இருக்கிற வீட்டையெல்லாம் பூட்டிக் குடுத்தேன். என் வீட்டுக்கு எத்தனை வாசல்னு எனக்கே தெரியல.”

எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தோம். பசை தடவிய அட்டை வாங்கி வைத்தோம். அதில் முதல் நாள் அப்பாவின் செருப்பு மாட்டியது, மறுநாள் அம்மாவின் துடைப்பம் மாட்டியது. கூண்டில் ரொட்டி வைத்தோம். ரொட்டி போனது, கூண்டு அப்படியே இருந்தது. நான் தடியை எடுத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலருகே காவல் இருந்தேன். எனக்குப் பள்ளி முடிந்து நான்கு மாதமாகிறது. அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை, சும்மா இருக்கவும் வரவில்லை. அதனால் இந்த வேலையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் தடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டேன். நல்லவேளை, அன்றைக்கு எலி வரவில்லை.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலி என்று வாய்விட்டுச் சொன்னால் அது எங்கிருந்தாவது கேட்டுவிடும், கேட்டால் வேண்டுமென்றே துணியைக் கடிக்கும் என்பது அம்மாவின் நம்பிக்கை. அதனால் எலிக்கு எங்கள் வீட்டில் ‘அவர்’ என்று பெயர். இதில் என்ன சிக்கல் என்றால், அம்மா அப்பாவையும் ‘அவர்’ என்றுதான் சொல்வார். நானும் அப்பாவும் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவோம். குரல் தணிந்து, கண் பரணைப் பார்த்தால் எலி. குரல் உயர்ந்து, கண் கூடத்தைப் பார்த்தால் அப்பா. வெளியாட்களுக்கு அது எப்படித் தெரியும்? “நேத்து அவர் புது சோப்பை முழுசாத் தின்னுட்டாரு” என்று அம்மா சொன்னதைக் கேட்ட பக்கத்து வீட்டு அத்தை, ஒரு வாரம் அப்பாவை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் ஒரு துண்டுத் தாளில் பென்சில் அக்காவின் எண்ணை எழுதிக் கொடுத்திருந்தார். அம்மாதான் போன் செய்தார். அக்காவின் குரல் எனக்கும் கேட்டது.

“வணக்கம்மா. ஒரு உதவி வேணும். அவர் அவர் காலைக் கடிச்சுட்டாரு.”

“யாரும்மா?”

“அவர்தான்.”

“யார் காலை?”

“அவர் காலைத்தான்.”

அக்கா கேட்டார்: “தன் காலைத் தானே எப்படிம்மா கடிப்பாரு? வாய் எட்டாதே?”

நான் போனைப் பிடுங்கி, “எலி, அக்கா! எலி அப்பாவோட காலைக் கடிச்சுடுச்சு” என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். “சத்தம் போட்டுச் சொல்றியே, அறிவிருக்காடி உனக்கு?”

அன்று மதியமே அக்கா வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். தோளில் ஒரு துணிப்பை. அதில் முகம் பார்க்கும் கண்ணாடி, டார்ச், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், கொஞ்சம் சிமென்ட், சின்னக் கரண்டி, சுருட்டிய கம்பி வலை, ஒரு பொட்டலம் மாவு. நேராகப் போய் அப்பாவின் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார்.

“வலிக்குதா அண்ணே?”

“வலிச்சா ஏம்மா உன்னைக் கூப்பிடப் போறேன்? நானே எந்திரிச்சு விரட்டியிருப்பேன்” என்றார் அப்பா.

“வலிக்காத காலைத்தான் அது கடிக்கும். மத்தவங்க உதைச்சுடுவாங்கல்ல.”

பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்தார். தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிவர ஆரம்பித்தார். அடுப்புக்குப் பின்னால், அலமாரிக்கு அடியில், மின்கம்பி நுழையும் துளையில், கதவின் கீழ் மூலையில். கண்ணாடியைச் சாய்த்து, டார்ச் அடித்து, பென்சிலை விட்டுப் பார்ப்பார். பென்சில் நுழைந்தால் சுண்டெலி நுழையும், கட்டைவிரல் நுழைந்தால் எலியே நுழையும் என்பது அக்காவின் அளவு. மொத்தம் பதினேழு ஓட்டைகள். அப்பா கட்டிலில் இருந்தபடி ஒவ்வொன்றாக எண்ணினார். பதினேழு என்றதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதைப் பார்த்துவிட்டோ என்னவோ, கம்பி நாரை ஓட்டைக்குள் திணித்து அதன்மேல் சிமென்ட் பூசிக்கொண்டே அக்கா தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

அக்கா முன்பு ஒரு பிஸ்கட் கம்பெனியின் கிடங்கில் வேலை பார்த்தார். அட்டைப் பெட்டிகளின் மேல் தேதி எழுதும் வேலை. சில பெட்டிகள் வாரம் தவறாமல் ஓரத்தில் கிழிந்து, உள்ளே பிஸ்கட் குறைந்துபோகும். மேற்பார்வையாளர் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டாராம்: “எலி தின்னுச்சா, இல்ல நீ தின்னியா?”

“நான் எலின்னேன். எலி எங்க, காட்டுன்னாரு. நான் எங்கண்ணே போய் எலியைப் புடிச்சுட்டு வர்றது? அழுதுகிட்டே தேதி எழுதிட்டு இருந்தேன். கை நழுவிப் பென்சில் கீழ விழுந்துடுச்சு. உருண்டுச்சு. அலமாரிக்குக் கீழ போச்சு. குனிஞ்சு தேடுறேன், காணோம். இருந்த பென்சில் எங்க போகும்? அலமாரியை நகர்த்தினா, சுவரோரமா ஒரு ஓட்டை. என் பென்சில் பாதி உள்ள, பாதி வெளிய. சுத்திலும் ஒரே பிஸ்கட் தூள்.”

“அப்புறம்? மன்னிப்புக் கேட்டானா அந்த ஆளு?” என்றார் அப்பா. முகம் மறுபடி எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

“எங்க கேட்டாரு? ‘சரி, சரி, அதை அடைச்சுட்டு வேலையைப் பாரு’ன்னாரு. அடைச்சேன். மறுநாளே வேலையை விட்டுட்டேன். நான் திருடலைங்கிறதுக்கு எலி வந்து சாட்சி சொல்ல வேண்டியதாப் போச்சு. அதனாலயோ என்னவோ, எலி மேல எனக்குக் கோபமே வரமாட்டேங்குது அண்ணே. அது பாட்டுக்கு வெளிய இருக்கட்டும். உள்ள மட்டும் வரக் கூடாது.”

அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஏம்மா, அந்தப் பேரை மட்டும் அடிக்கடி சொல்லாத. கேட்டுகிட்டு இருப்பாரு.”

அக்கா சிரிக்கவில்லை. “சரிக்கா. இனிமே அவர்னே சொல்றேன்.”

இந்த மரியாதைதான் பின்னால் வினையானது.

மாலைக்குள் பதினாறு ஓட்டைகள் மூடிவிட்டன. சமையலறைத் தொட்டிக்குக் கீழே கழிவுக் குழாய் வெளியே போகும் ஓட்டையை மட்டும் அக்கா வேண்டுமென்றே விட்டுவைத்தார். அதன் முன்னால் தரையில் மாவைச் சல்லடையில் சலித்து மெல்லிசாகப் பரப்பினார். உள்ளே இருக்கும் எலி இரை தேடி அந்த வழியாக வெளியே போகும். காலையில் மாவில் கால் தடம் வெளியே போனதாக மட்டும் இருந்தால், எலி வெளியே என்று அர்த்தம். உடனே அந்த ஓட்டையையும் மூடிவிடலாம். அன்றைக்கு அப்பாவைப் பக்கத்து வீட்டு அத்தையின் திண்ணையில் படுக்க வைத்தோம்.

மறுநாள் விடிந்ததும் நான் அப்பாவைக் கட்டு மாற்ற அழைத்துப் போய்விட்டேன். சீக்கிரம் போனால்தான் சீக்கிரம் கூப்பிடுவார்கள். அதன்பின் வீட்டில் நடந்ததை அம்மாவும் அக்காவும் பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அம்மாவின் கை, காலையில் எழுந்ததும் துடைப்பத்தைத்தான் தேடும். முப்பது வருஷப் பழக்கம். வீடு முழுவதையும் பெருக்கினார், மாவையும் சேர்த்து. எட்டு மணிக்கு அக்கா வந்து பார்த்தபோது தொட்டியடி கண்ணாடி மாதிரி இருந்தது. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மாவின் முகம் விழுந்துவிட்டதைப் பார்த்து, “சரி விடுங்கக்கா” என்று சொல்லிவிட்டு, கொடுத்த வாக்குப்படி மெதுவாகக் கேட்டார்:

“அவர் வெளிய போயிட்டாரா?”

அம்மா, அப்பாவைப் பற்றி எவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாள் இந்தப் பெண் என்று நினைத்தார். “போயிட்டாரும்மா. விடிஞ்சதுமே போயிட்டாரு.”

“நல்லாத் தெரியுமா?”

“என்ன இப்படிக் கேக்குற? நானே கண்ணால பார்த்தேன். மெதுவாப் படியிறங்கிப் போனாரு.”

“திரும்பி வரலையே?”

“இப்போ எப்படி வருவாரு? பதினொரு மணியாவது ஆகும்.”

இந்தக் கடைசிப் பதில் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்ததாம் அக்காவுக்கு. ஆனாலும், எலியின் நேரம்கூட அம்மாவுக்கு அத்துப்படி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பதினேழாவது ஓட்டையை நார் வைத்து, சிமென்ட் பூசி, விரலால் வழித்து மூடிவிட்டு அடுத்த வீட்டு வேலைக்குப் போய்விட்டார்.

நாங்கள் பதினொரு மணிக்கு வந்தோம். வீடே பண்டிகை வீடு மாதிரி இருந்தது. “எல்லாம் அடைச்சாச்சு. இனி நிம்மதியாத் தூங்குங்க” என்றார் அம்மா. அப்பா சாப்பிட்டுவிட்டுத் தன் கட்டிலில் படுத்தார். பல நாளுக்குப் பிறகு குறட்டை கேட்டது. நான் வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய பூட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணி இருக்கும். தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். கட்டிலின் கால்மாட்டில், வெயில் விழும் இடத்தில், எலி உட்கார்ந்திருந்தது. பழுப்பு நிறம், வாலோடு சேர்த்து என் முழங்கை நீளம் இருக்கும். அப்பாவின் கட்டுத் துணியின் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. தன் உடம்பில் நடப்பது தனக்கே தெரியாமல் ஒரு மனிதர் அவ்வளவு நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்தபோது வந்த பயத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

கத்தினேன். கையிலிருந்த பூட்டை எறிந்தேன். அது எலி மேல் படவில்லை, சுவரில் பட்டது. எலி குதித்து அலமாரிக்குப் பின்னால் மறைந்தது. அம்மா ஓடிவந்தார்.

“அவர் உள்ளதாம்மா இருக்காரு!” என்றேன் நான். அவசரத்தில் எனக்கும் அந்தச் சொல்தான் வந்தது.

“ஆமா, உள்ளதான் படுத்திருக்காரு. அதுக்கு ஏன் கத்துற?”

“அப்பா இல்லம்மா! எலி!”

அம்மா அப்படியே நின்றார். காலையில் நடந்த பேச்சு முழுவதும் மனதுக்குள் திரும்ப ஓடியிருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். “நான்தான்டி போயிட்டாருன்னு சொன்னேன். நான்தான் அடைக்க வச்சேன்.”

கட்டைப் பார்த்தேன். மேல் துணி மட்டும் கிழிந்திருந்தது. உள்ளே பல் படவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருக்க வேண்டும், விரலில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“தப்பு என்னோடதுக்கா. மாவு இல்லாம நான் மூடியிருக்கவே கூடாது. அதுவும் முதல் நாள் போன்லயே ‘அவர் அவர் காலை’ன்னு கேட்டவ நான்.” சொல்லிவிட்டுப் பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். காலையில் தானே அழகாக வழித்துவிட்டுப் போன சிமென்டை உடைத்துக் கம்பி நாரை உருவி எறிந்தார். வேலை செய்பவர்களுக்குத் தெரியும், செய்ததை உடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று. அக்காவின் முகத்தில் அந்த வருத்தம்கூட இல்லை. “அவருக்கு இப்போ தாகமா இருக்கும். காலையில இருந்து சொட்டுத் தண்ணி கிடைச்சிருக்காது. பாத்திரத்தையெல்லாம் மூடுங்க, குழாயைத் துடைங்க. வெளிய ஒரு கிண்ணத்துல தண்ணி வைங்க. தானா வெளிய போவாரு.”

“அதுவரைக்கும் இந்தக் காலு?” என்றார் அப்பா. எப்போதும் கிண்டலாகப் பேசும் அப்பா அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

“என் காலை நான் பத்திரமா வச்சிருக்கேன்ல அண்ணே? இதையும் அப்படித்தான் பார்த்துக்குவேன்.”

கம்பி வலைச் சுருளை எடுத்து ஒரு பெட்டி மாதிரி மடக்கினார். அப்பாவின் கால் முழங்கால் வரை அதற்குள் இருக்கும்படி பொருத்தி, விளிம்பு படும் இடத்தில் துணி சுற்றினார். ஓரத்தைக் கம்பியால் முறுக்கப் போனபோது அப்பா தடுத்தார். “இரும்மா. இந்த வேலை என்னோடது.” தன் பையிலிருந்து ஒரு சின்னப் பூட்டை எடுத்து வலையின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பூட்டினார். சாவியை அம்மாவிடம் நீட்டினார்.

“ஆயுசுல எனக்கே நான் பூட்டு போட்டது இதுதான் முதல் தடவை. தொலைச்சுடாத. அப்புறம் நானே வந்துதான் திறக்கணும், நான் வர முடியாது.”

அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார்.

அக்கா ஒரு முக்காலியைக் கட்டிலின் கால்மாட்டில் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு வேறு இரண்டு வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டுக்கும் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டார். மூன்றரை மணியிலிருந்து விளக்கு ஏற்றும் நேரம் வரை அந்த முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தொட்டியடியில் புது மாவு. அம்மா துடைப்பத்தை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார், தன் கைமேல் தனக்கே நம்பிக்கை இல்லாமல்.

வெளிச்சம் மங்கியபோது அலமாரிக்குப் பின்னால் ஒரு சரசரப்பு. பிறகு சமையலறைப் பக்கம். பிறகு ஒன்றுமில்லை. அக்கா கையைக் காட்டி எங்களை அசையாமல் இருக்கச் சொன்னார். சிறிது நேரம் கழித்து டார்ச்சை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். “நீங்க போய்ப் பாருங்கக்கா.”

அம்மா போய்க் குனிந்து பார்த்தார். நானும் பின்னால் நின்றேன். வெள்ளை மாவில் குட்டிக் குட்டித் தடங்கள், நடுவில் வால் இழுத்த கோடு. எல்லாம் ஒரே பக்கம், வெளியே. கிண்ணத்துத் தண்ணீர் பாதி குறைந்திருந்தது.

“போயிட்டாரு” என்றார் அம்மா.

அக்கா கரண்டியில் சிமென்டை வைத்துக்கொண்டு நின்றார். பூசவில்லை. “யாரு போயிட்டா?”

“அதான்மா. அவர்.”

“எவர்? பேரைச் சொல்லுங்க. இல்லன்னா நான் மூடமாட்டேன்.”

அம்மா பரணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூடத்தில் பூட்டிய காலோடு படுத்திருந்த அப்பாவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “எலி” என்றார்.

“கேக்கல.”

“எலி! எலி போயிடுச்சு! எலிதான் போயிடுச்சு!”

“அவர் இங்கதான் இருக்காரு!” என்று கூடத்திலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

அக்கா அதற்குப் பிறகுதான் பூசினார். இந்த முறை அம்மாவின் விரலைப் பிடித்து ஈரச் சிமென்டில் ஓர் அழுத்து அழுத்த வைத்தார். தொட்டிக்குக் கீழே அந்த விரல் தடம் இன்னும் இருக்கிறது.

பள்ளியில் எங்களைப் பெரிய மனிதர்களைப் பற்றி எழுதச் சொல்வார்கள். புத்தகத்தில் இருந்ததைப் பார்த்து எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெரிய மனிதர்கள் யாரும் என் அப்பாவின் கால்மாட்டில் வந்து உட்காரவில்லை. அக்கா உட்கார்ந்தார். அதனால்தான் எனக்கு வந்த அளவில் இதை எழுதுகிறேன்.

அதன்பின் எங்கள் வீட்டுக்குள் எலி வரவில்லை. குதிகால் புண் மெதுவாக மேலே மூடிக்கொண்டு வந்தது. போன வாரம் நர்ஸ் கட்டைப் பிரித்துவிட்டு, “இனிமே வேணாம்” என்றார். டாக்டர் நடக்கலாம் என்றார். அன்று மாலை யாரோ சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்புக்குள் கையை விட்டு ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, காலில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்ற அம்மா, உள்ளே ஓடிவந்து பென்சில் அக்காவுக்குப் போன் செய்தார். மூச்சு வாங்கியது.

“ஏம்மா, அவர் வெளிய போயிட்டாரும்மா! தானா நடந்து போயிட்டாரு!”

அந்தப் பக்கம் அக்காவின் குரல், கவனமாக, ஒவ்வொரு எழுத்தாக:

“எவரு?”

அம்மா சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என் வீட்டுக்காரரும்மா” என்றார். “என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிட்டாரு.”